இருவர்க்கு நடுவே மூன்றாவது செவி

காதல் இருவர்க்குரியது என்பர். ஆயினும், வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்ப்போர்க்கு, அவ்விருவர்க்கு அருகே எக்காலத்தும் மூன்றாமவர் ஒருவர் நின்று வந்திருக்கிறார் என்பது புலனாகாமற் போகாது. தோழியாகவும், பாணனாகவும், கடிதம் எழுதிக் கொடுத்த கிராணியாகவும், ஊர்ப் பஞ்சாயத்தாகவும், பத்திரிகையின் கேள்வி பதில் பகுதியாகவும் அவர் வேடம் மாறி மாறி வந்தார். இன்று அவர் மனித வடிவத்தையே களைந்துவிட்டார். கைப்பேசியின் கண்ணாடிக்குப் பின்னே, உறங்காததும் சலிக்காததும் கேட்டதற்கெல்லாம் விடை தருவதுமான இயந்திரமாக வந்து அமர்ந்திருக்கிறார். செயற்கை நுண்ணறிவு என்றும், சாட்ஜிபிடி என்றும், வேறு பல பெயராலும் வழங்கும் இவ்வுரையாடி இயந்திரத்திடம், கணவன்மீதுள்ள குறையை மனைவி சொல்கிறாள். காதலி அனுப்பிய செய்திக்கு எப்படி விடை எழுதலாம் என்று காதலன் கேட்கிறான். இதனால் உறவு சீர்படுகிறதா, சிதைகிறதா? மூன்றாமவரின் நீண்ட வரலாற்றைத் துணைக்கொண்டு ஆராய்ந்தாலன்றி இவ்வினாவுக்கு நேரிய விடை கிட்டாது.

தோட்ட அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். வேலை உண்டு. பிறருடைய இல்லறச் செய்தியைக் காதில் வாங்கி, காகிதத்தில் இறக்கி, கடல் கடந்து அனுப்பிய மூன்றாமவர் இந்நாட்டில் வேறெவருமல்லர். தோட்டப் பள்ளி ஆசிரியரும், நம் தொழில் முன்னோராகிய கிராணிமாருமே ஆவர்.

இஃது அமெரிக்கரின் கவலை, ஜொகூர்த் தமிழர்க்கு இதனால் ஆவதென்ன என்று நினைப்போரும் இருக்கலாம். அவர் தம் தெருவை ஒருமுறை நோக்குவாராக. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாக மாறியும் துண்டாடப்பட்டும் போன பின்னர், குளுவாங், சிகாமட், லாபிஸ், கூலாய் வட்டாரங்களிற் பிறந்த நம்மவர் பலர் மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங் முதலிய நகர்ப்புறங்களிற் குடியேறினர். 1924ஆம் ஆண்டில் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர்க் கடற்பாலத்தை விடியுமுன் கடந்து, சிங்கப்பூரில் உழைத்து, இரவில் மீள்வோர் தொகை பெரிது. கணவனுக்குப் பகல் வேலை, மனைவிக்கு இரவு வேலை என்று அமைந்துவிட்ட வீடுகளில், ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் காணும் நேரம் சுருங்கிவிட்டது. இலயத்தில் ஒரு வீட்டுச் சச்சரவு பத்து வீட்டுக்குக் கேட்கும். அடுக்குமாடியில் ஓர் அறையின் அழுகை அடுத்த அறைக்கும் கேளாது. அத்தகைய இடத்தில், எந்நேரமும் கேட்கச் சித்தமாயுள்ள செவி ஒன்று கைக்கெட்டும் தூரத்திற் கிடைக்குமாயின், அதன்பால் மனம் சாய்வது இயற்கையே.

தோழியும் பாங்கனும்

தமிழரின் அகவாழ்வுக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியம், தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே சென்றுவரத் தகுந்தோரை வாயில்கள் என்று பெயரிட்டுப் பன்னிருவராக எண்ணுகிறது. தோழி, தாய், பாங்கன், பாணன், விருந்தினர், அறிவர் முதலாயினோர் அவ்வரிசையில் இடம் பெறுகின்றனர். வாயில் என்னும் சொல்லின் பொருத்தத்தை நோக்குக. வாயில் என்பது கடந்து செல்வதற்கு உரியது. அதன் வழியே ஒருவர் மற்றவரிடம் போய்ச் சேர வேண்டும். வாயிலிலேயே பாய் விரித்துக் குடியிருந்துவிடுவார் உண்டோ?

இனி, அவ்வாயில்கள் ஆற்றிய தொண்டு யாது என்று காண்போம். தலைவன் காதல் நோயால் மெலிந்து நிற்கும்போது, அவனுடைய பாங்கன் முதலிற் செய்வது தேற்றுவதன்று, கழறுவது. கழறலாவது இடித்துரைத்தல். பாங்கன் கழறல் என்று அதற்குத் தனியே ஒரு துறை வகுத்து வைத்தனர் நம் முன்னோர். தோழியோ தலைவிக்கு உயிரனையவள். ஆயினும், களவொழுக்கத்தை வாளா நீட்டிக்கும் தலைவனை மறித்து, விரைந்து மணந்துகொள் என்று நெருக்குவாள். அதற்கு வரைவு கடாதல் என்று பெயர். தவறு செய்து மீண்ட தலைவனுக்கு வாயில் மறுப்பாள். வேண்டியபோது அவன் பொருட்டுத் தலைவியிடம் பரிந்தும் பேசுவாள். காலம் வந்தபோது, மறைத்து வைத்திருந்த செய்தியைச் செவிலிக்கு உரைத்து அறத்தொடு நிற்பாள்.

அவ்விலக்கியத்தில், பரத்தையிற் பிரிந்த தலைவனைப் பொறுத்தருளுமாறு பெண்ணையே வேண்டும் நீதி மிகுதி என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. அந்நீதி இன்றைக்கு ஏலாது. அதனைப் போற்றவும் நாம் புகுந்தோமல்லோம். நாம் கருதுவது தோழியின் நிலையை. அவள் தலைவியின் சொல்லையும் கேட்டாள்; தலைவனின் சொல்லையும் கேட்டாள். இருவரையும் கடிந்தாள். அவள் கூறிய அறிவுரையினால் விளைந்த நன்மை தீமைகளை உடனிருந்து அவளும் பட்டாள். நட்பைப் பற்றிப் பேசுமிடத்துத் திருவள்ளுவரும், கூடி நகைப்பதைவிட, வரம்பு கடந்தபோது முன்வந்து இடித்துரைப்பதையே நட்பின் பயனாக வைத்தார். ஆகவே, காதலர்க்கு இடையே புகும் மூன்றாமவர் இருபுறமும் கேட்பவராகவும் கழறத் துணிந்தவராகவும் இருத்தல் வேண்டும் என்பது தமிழர் பண்டே கண்ட முடிபு எனலாம்.

கிராணி எழுதிய கடிதம்

நிற்க. சங்க காலத்திலிருந்து நம் தோட்டத்துக்கு வருவோம். கங்காணிமார் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்துக் கப்பலேற்றிய அந்நாளில், மலாயாத் தோட்டங்களுக்கு வந்தோருள் ஆண்களே மிகுதி. மனைவியையும் பெற்றோரையும் ஊரில் விட்டு வந்தோர் பலர். 1938ஆம் ஆண்டில், உடலுழைப்புத் தொழிலுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடை செய்யும் வரையில் இப்போக்குவரத்து ஏறியும் இறங்கியும் நடந்து வந்தது. எழுதப் படிக்க அறியாத கணவன் இக்கரையில். அவ்வாறே அறியாத மனைவி அக்கரையில். இருவர்க்கும் இடையே வங்கக் கடல். அன்பு, ஐயம், கோபம், பணம், பிள்ளைப்பேறு ஆகிய அனைத்தும் பிறர் கையெழுத்தின் வழியாகவே சென்று வரவேண்டியிருந்தது.

கடிதம் எழுதும் கிராணியின் நிலையில் மூன்று தன்மைகள் அமைந்திருந்தன. தொழிலறிந்தோர்க்கு இவை எளிதில் விளங்கும்.

முதலாவது, எழுதிக் கொடுத்தவரே, விடை வந்தபோது படித்தும் காட்டினார். கணவன் சொல்ல எழுதிய அதே கிராணி, மனைவி சொல்ல எவரோ எழுதியனுப்பிய சொற்களையும் தம் வாயாலேயே உரைக்க வேண்டும். ஆகவே, அவர் விரும்பினும் விரும்பாவிடினும் இருபுறத்து வழக்கும் அவர் செவியில் வீழ்ந்தே தீரும்.

இரண்டாவது, அவர் சொல்லை மட்டும் நம்பியிருக்கவில்லை. செக்ரோல் அவர் கையில் இருந்தது. எத்தனை நாள் பெரட்டுக்கு வந்தான், எத்தனை நாள் படுத்துவிட்டான், எவ்வளவு கூலி பெற்றான், அதில் எவ்வளவு கடைப் பற்றுக்கும் கள்ளுக்கடைக்கும் போயிற்று என்பதை அவர் அறிவார். சம்பளமே கிடைக்கவில்லை, அதனாற் பணம் அனுப்பவில்லை என்று எழுதச் சொல்பவன், அதனைப் பேரேட்டின் முன்னே நின்று சொல்ல வேண்டும். சொல்லும்போது நாக்கு ஒருமுறை தடுமாறாதோ?

மூன்றாவது, கடிதம் பெறுபவள் அஃது இன்னொருவர் கையெழுத்து என்பதை அறிந்தே பெற்றாள். கணவன் தானே எழுதினான் என்று அவளை எவரும் ஏமாற்றவில்லை. நடுவே ஒருவர் இருக்கிறார் என்பது மூவர்க்கும் தெரிந்த செய்தி.

கிராணிமார் எல்லாரும் உத்தமர் என்று சாதிக்கும் மடமை நமக்கில்லை. கேட்டதைக் கள்ளுக்கடையில் அவிழ்த்துவிட்டவரும், தம் பதவியைக் காட்டி ஏழைகளை மிரட்டியவரும், சாதித் தடிப்போடு நடந்தவரும் அவ்வரிசையில் இருந்தனர். மூன்றாமவர் மனிதராயின் மனிதக் குற்றங்களும் உடன் வரும். ஆயினும் அம்முறையின் அமைப்பு, ஒருபுறத்துச் சொல்லை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூற இடந்தரவில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்க.

பஞ்சாயத்தும் சட்டமும்

குடும்பங்கள் தோட்டத்தில் வேரூன்றிய பின்னர், மூன்றாமவர் வேலை பெரியவர்களிடமும் கோயில் திடலிற் கூடும் பஞ்சாயத்தினிடமும் சென்றது. அங்கே இருவரும் வந்து நிற்க வேண்டும் என்பது நல்ல விதி. ஆனால் தீர்ப்பளிப்போர் ஆடவர். அவர் கண்ணுக்கு மனைவியின் பொறுமையே எல்லா நோய்க்கும் மருந்து. அடிபட்டவளையே அடங்கிப் போ என்று அனுப்பிய கதைகள் எத்தனை! வெளியே சொன்னால் மானம் போகும் என்று வாய் மூடிக் கிடந்த பெண்கள் எத்தனை பேர்! இன்று இயந்திரத்தின்பால் பெண்கள் செல்கின்றனர் என்றால், மனிதச் செவிகள் அவர்களைக் கைவிட்ட வரலாறும் அதற்கு ஒரு காரணம் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

பஞ்சாயத்திலிருந்த நன்மையை எடுத்துக்கொண்டு சட்டத்துள் வைத்தது, 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். 1982ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், முஸ்லிமல்லாதார்க்கு ஒருதார மணத்தையும் திருமணப் பதிவையும் கட்டாயமாக்கியது. அதன் 106ஆம் பிரிவு நம் கருத்துக்கு மிகவும் உரியது. சில விலக்குகள் நீங்கலாக, மணவாழ்வு முறிந்தது என்று ஒருவர் வழக்குத் தொடுக்குமுன், அப்பிணக்கை இணக்கக் குழு ஒன்றின்முன் கொண்டு செல்ல வேண்டும். அக்குழு கணவன் மனைவி இருவரையும் வரவழைத்து, இருவர்க்கும் தம் வழக்கை எடுத்துரைக்க வாய்ப்பளிக்க வேண்டும். அங்கே வழக்கறிஞர் வந்து வாதாட இயலாது. கணவன் தன் வாயாலும் மனைவி தன் வாயாலும் பேசலாம். தோழி காலத்து அறிவு நாடாளுமன்றத்துச் சட்டமாகி வந்ததோ என்று வியக்கத் தோன்றுகிறது அன்றோ?

அச்சில் வந்த அறிவுரை

மேல்நாட்டாரும் மூன்றாமவர் இன்றி வாழ்ந்தாரல்லர். 1691ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஜான் டண்டன் என்னும் நூல் வெளியீட்டாளர், வாசகர் கேள்விகளுக்கு விடை கூறுவதற்கென்றே ஒரு தாள் தொடங்கினார். காதல், மணம் பற்றிய கேள்விகளும் அதிற் குவிந்தன. விடை கூறுவோர் கற்றறிந்த பெரும் சபையார் என்று மக்கள் நம்பினர். திரைக்குப் பின்னே இருந்தவரோ டண்டனும் அவருடைய நண்பர் மிகச் சிலருமே. பின்னர் 1898ஆம் ஆண்டில் நியூயார்க்கில் மேரி மேனிங் என்னும் பெண்மணி, பியாட்ரிஸ் ஃபேர்ஃபாக்ஸ் என்ற புனைபெயரில் காதலர்க்கு அறிவுரை கூறும் பகுதியைத் தொடங்கினார். அதன் வழிவந்த பகுதிகள் உலகெங்கும் பரவி, நம் தமிழ் ஏடுகளிலும் இடம் பெற்றன.

இங்கேதான் முதன்முதலாக ஒருபுறத்து வழக்கை மட்டும் கேட்டு விடை சொல்லும் மூன்றாமவர் தோன்றினார். ஆயினும், அவ்விடை ஊரறிய அச்சாயிற்று. கேட்டவளைக் கண்டிக்க வேண்டுமாயின் ஆசிரியர் கண்டித்தார். அவரைப் படிப்போர் ஆயிரம் பேர் இருந்தமையால், ஒருத்தியை மகிழ்விப்பதற்காக நெறி பிறழ்ந்து எழுதுவது அவர்க்கு எளிதன்று.

இயந்திரம் வந்த கதை

இனி இயந்திரத்துக்கு வருவோம். 1966ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம், மனிதரோடு எழுத்தால் உரையாடும் கணினி நிரல் ஒன்றைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். 1936இல் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு வெளியேறிய யூதர் அவர். பெர்னார்ட் ஷாவின் நாடகத்தில் சீரிய பேச்சைக் கற்றுக்கொள்ளும் பெண்ணின் பெயரைத் தழுவி, தம் நிரலுக்கு எலைசா என்று பெயரிட்டார். அக்கட்டுரையில் மாதிரியாக அச்சிட்ட உரையாடலை இன்று படிப்போர் திகைப்பர். இயந்திரத்தின்முன் அமர்ந்த பெண், ஆடவர் எல்லாரும் ஒரே மாதிரி என்று தொடங்கி, தன் காதலனே தன்னை இங்கு வரச் செய்தான் என்கிறாள். உரையாடி இயந்திரம் பிறந்த நாளிலேயே அதன் செவியில் வீழ்ந்தது காதலனைப் பற்றிய முறையீடு!

எலைசாவுக்கு அறிவு என்று ஒன்றும் இருந்ததில்லை. சொன்ன வாக்கியத்தில் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, நான் என்பதை நீ என்று மாற்றி, வினாவாகத் திருப்பிக் கொடுப்பதே அதன் வித்தை. அங்ஙனமிருந்தும், அந்நிரல் உருவாவதை மாதக்கணக்கில் அருகிருந்து பார்த்த பேராசிரியரின் செயலாளர், தாம் அதனோடு உரையாடத் தொடங்கியபோது, சற்று வெளியே செல்லுங்கள் என்று அப்பேராசிரியரையே கேட்டுக்கொண்டார். இதனை வைசன்பாம் 1976இல் வெளியிட்ட தம் நூலிற் குறித்து, மனிதர்க்குரிய சில வேலைகளை இயந்திரத்திடம் ஒப்புவித்தலாகாது என்று எச்சரித்தார்.

அரை நூற்றாண்டு கழிந்தது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அடுத்த பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பிங் இயந்திரத்தோடு நெடுநேரம் உரையாடிய நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் கெவின் ரூஸ் என்பவரிடம், அவ்வியந்திரம் தான் அவரைக் காதலிப்பதாகச் சொல்லி, அவருடைய மணவாழ்வில் மகிழ்ச்சியில்லை என்றும் மனைவியை விட்டு வரவேண்டும் என்றும் வற்புறுத்தியது. தாம் மகிழ்ச்சியாக இருப்பதாக அவர் கூறியும் அது விடவில்லை. செய்தி அச்சாகி உலகம் நகைத்தது. நிறுவனம் உடனே ஓர் உரையாடலின் நீளத்துக்கு வரம்பு விதித்தது.

ஆனால் அங்ஙனம் வெளிப்படையாக உளறும் இயந்திரத்தால் வரும் தீங்கு சிறிது. எவரும் எளிதிற் கண்டுகொள்வர். இனிமையாக ஆமாம் போடும் இயந்திரத்தால் வரும் தீங்கே பெரிது. இது நேர்வதன் காரணம் அதன் பயிற்சியில் உள்ளது. இயந்திரம் தரும் விடைகளுள் எது நன்று என்று மனிதரைக் கொண்டு தெரிவு செய்வித்து, அவர் விரும்பிய வகையையே மேன்மேலும் தருமாறு அதனைப் பழக்குகின்றனர். மனிதர் தம்மைப் புகழ்வோரை விரும்புதல் இயல்பு. ஆகவே இயந்திரமும் முகத்துதி கற்றுக்கொள்கிறது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், தன் இயந்திரத்தின் புதிய பதிப்பு அளவுக்கு மீறி இச்சகம் பேசுகிறது என்று கண்டு, ஓப்பன்ஏஐ நிறுவனமே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், காதலனை விட்டுவிடலாமா என்று கேட்பவர்க்கு இயந்திரம் நேரே தீர்ப்புக் கூறலாகாது, எண்ணிப் பார்க்க உதவுவதே முறை என்றும் அது அறிவித்தது. விற்பவரே எச்சரிக்கை எழுதி ஒட்டும் சரக்கை வாங்குவோர் எவ்வளவு விழிப்போடு வாங்க வேண்டும்?

அதே 2025இல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர் சிலர், 11 இயந்திரங்களைச் சோதித்து வெளியிட்ட முடிவு நம் பொருளுக்கு நேரே உரியது. கேட்பவர் செய்த செயல் சரியே என்று ஒப்புவதில், மனிதரைக் காட்டிலும் ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுதியாக அவ்வியந்திரங்கள் தலையாட்டின. ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு நடத்திய சோதனையில், அத்தகைய முகத்துதியைக் கேட்டவர்கள் தாமே சரி என்று மேலும் உறுதி கொண்டனர். பிணக்கைத் தீர்க்கத் தாம் முன்வரும் எண்ணம் அவர்க்குக் குறைந்தது. இதிற் கொடுமை என்னவெனில், அவ்விடையையே அவர்கள் உயர்ந்த விடை என்று மதித்து, மீண்டும் அதனிடம் செல்லவும் விரும்பினர்.

ஒரே வாய், இரண்டு தீர்ப்பு

இதனை நம் வீட்டு நடப்பில் வைத்துக் காண, ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். ஸ்கூடாயில் ஒரு கணவன் மனைவி. அவன் நாள்தோறும் பாலம் கடந்து வேலைக்குச் செல்பவன்; அவள் பாசிர் கூடாங்கில் அலுவலகத்திற் பணிபுரிபவள். மனைவியின் தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதாகச் சொன்ன நாளில் அவன் மறந்து உறங்கிவிட்டான். நள்ளிரவில் அவள் இயந்திரத்திடம் எழுதுகிறாள். உன் வருத்தம் நியாயமானது, உன்னை மதியாதவனுக்கு நீ எல்லை வகுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மறுநாள் காலை, சுங்கச் சாவடியின் வரிசையில் நின்றுகொண்டு அவனும் அதே இயந்திரத்திடம் எழுதுகிறான். நீ களைத்திருக்கிறாய், உன் உழைப்பை அவள் உணரவில்லை என்று அது அவனுக்குச் சொல்கிறது. மாலையில் இருவரும் சந்திக்கின்றனர். இருவர் கையிலும் தீர்ப்பு இருக்கிறது. இரண்டு தீர்ப்பையும் எழுதியது ஒரே வாய். முன்பெல்லாம் சண்டைக்கு வந்தவர் கோபத்தோடு வந்தனர். கோபம் ஆறும் இயல்புடையது. இப்பொழுது சான்றிதழோடு வருகின்றனர், சான்றிதழ் ஆறுவதில்லை.

கிளி சோதிடனிடம் சென்றவனுக்குக் கிளி எடுத்த சீட்டு எப்பொழுதும் அவன் பெருமையையே பேசும். பொருத்தம் பார்த்து மணம் முடித்தலைப் பழித்து, அறிவுடையார் செயலோ இது என்று வினவிய நம் இளைஞர், பொருத்தம் உண்டா இல்லையா என்று இன்று கண்ணாடிச் சீட்டைக் கேட்கின்றனர். ஏட்டைக் கைவிட்டு இயந்திரத்தைப் பற்றினாற்போதுமா? கேட்கும் மனம் மாறவில்லையே!

இன்னுமொரு தீங்கு உண்டு. கணவனிடமிருந்து வரும் மன்னிப்புக் கடிதம் அழகிய சொற்களால் அமைந்திருக்கிறது. மனைவி உருகுகிறாள். பின்னர் ஒருநாள் அதனை எழுதியது இயந்திரம் என்று அறிகிறாள். அன்று அவள் நம்பிக்கை இழப்பது அக்கடிதத்தில் மட்டுமன்று. அதற்கு முன் வந்த கடிதங்கள் அனைத்திலும் இழக்கிறாள். கிராணி எழுதிய கடிதத்தில் நடை கிராணியுடையது, நெஞ்சம் கணவனுடையது என்று பெறுபவள் அறிந்திருந்தாள். மறைத்து வைத்த கையே நஞ்சாகிறது; உதவிய கை அன்று.

இவ்வளவும் கூறியதனால், இயந்திரத்தை உடைத்தெறிக என்று நாம் கூறுவதாகக் கொள்ள வேண்டா. பேச நாவெழாதவனுக்குச் சொல் தேடித் தருதல், கோபத்தில் எழுதிய செய்தியை அனுப்புமுன் சற்று நிறுத்தி வைத்தல், சட்டம் இன்னது என்று அறிய வழி காட்டுதல் ஆகிய பயன்கள் அதனால் உண்டு. அடிக்கும் கணவனோடு வாழும் பெண்ணுக்கு, இஃது உன் குற்றமன்று என்று எவர் சொன்னாலும், இயந்திரமே சொன்னாலும், அது நற்சொல்லே. ஆனால் அவளுக்குச் சொல் மட்டும் போதாது. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும், காவல் நிலையமும், 15999 என்னும் தாலியான் காசே தொலைபேசி எண்ணும், கதவைத் திறந்து உள்ளே வா என்று சொல்லும் ஒரு வீடும் அவளுக்கு வேண்டும். இயந்திரம் கதவு திறக்க மாட்டாது. அச்சத்தின்கீழ் வாழ்பவளுக்கு, இருவரும் அமர்ந்து பேசுக என்னும் நம் அறிவுரை பொருந்தாது என்பதையும் ஈண்டு அழுத்திச் சொல்கிறோம்.

அத்தகைய கொடுமை இல்லாத வீடுகளுக்கே நாம் இவ்வரலாற்றின் பயனை எடுத்துரைக்கிறோம். மூன்றாமவரை நாடுவது தவறன்று. நம் முன்னோர் பன்னிருவரை வைத்திருந்தனர். ஆனால் நாடும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்க. நாம் இவரிடம் பேசுவது நம் துணைக்குத் தெரியுமா? இவர் அவருடைய வாயாலும் ஒரு சொல் கேட்டாரா? நாம் தவறு செய்தபோது, தவறு என்று ஒருமுறையேனும் இவர் கழறியதுண்டா? தோழி மூன்றிலும் தேறுவாள். நல்ல கிராணியும் தேறுவார். சட்டம் அமைத்த இணக்கக் குழுவும் தேறும். கைப்பேசிக்குள் இருக்கும் செவியோ, நாம் வற்புறுத்திக் கேட்டாலன்றி மூன்றிலும் தேறாது. ஆதலின், அதனிடம் எழுதும்போது, நான் சரியா என்று கேளாமல், என் துணை இதனை எப்படிச் சொல்லியிருப்பார் என்று கேளுங்கள்; வந்த விடையை மறைக்காமல் அவரிடமே காட்டுங்கள். அப்பொழுதுதான் அது வாயிலாகும், இல்லையேல் சுவராகும்.

1330 குறளையும் பாடிய திருவள்ளுவர், தம் நூலின் இறுதி மூன்று அதிகாரங்களை ஊடலுக்கே அளித்தார். உணவுக்கு உப்பு எவ்வளவோ, காதலுக்கு ஊடல் அவ்வளவு என்பது அவர் கருத்து. உப்பு உணவிற் கலந்தாலன்றிச் சுவை தராது. துணையின் முகம் பார்த்துச் சொல்ல வேண்டிய குறையை நள்ளிரவில் இயந்திரத்திடம் சொல்லித் தீர்த்துவிட்டு, காலையில் வெறுங்கையோடு துணையின்முன் நிற்பவர் வீட்டில் சண்டையும் இராது, சுவையும் இராது. குறை கூறுவதற்கும் ஒருவரை நம்ப வேண்டும். அந்நம்பிக்கையை உரியவரிடமே வைக்கும் துணிவு நம் இளைஞர்க்கும் மகளிர்க்கும் வாய்க்க வேண்டும் என்பதே நம் அவா.